பாறையை இனங்காணும் கணிப்பொறி

கொல்கத்தா நகரின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறை உள்ளது. அதில் பதிக்கப்பட்ட கருநிறக் கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றதாகும். 1893-ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு அக்கல்லை ஆராய்ந்தார். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் காணப்படும் பாறையும் அதுவும் ஒன்றே எனக் கண்டு, அதற்குச் 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டார். கண்ணுக்கு அது மற்றுமொரு கருங்கல்தான். கல் வணிகத்தில் டோலரைட், காப்ரோ முதலியவற்றோடு சேர்த்து அதனையும் 'கறுப்பு கிரானைட்' என்றே இன்றும் விற்கின்றனர். அதன் தனித்தன்மையை உணர்த்துவது அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம். அதனை ஐயமறக் காண நுண்ணோக்கி வேண்டும்.

இந்த வேலையைக் கணிப்பொறிக்குப் பழக்க இயலுமா என்பதே இன்று பல ஆய்வுக்கூடங்களில் எழுந்துள்ள வினா. இது வெறும் ஆர்வத்தால் எழுந்ததன்று. கனிமத் தேடலில் நிலத்தைத் துளைத்து எடுக்கப்படும் உருளை வடிவ மாதிரிகளை அங்குலம் அங்குலமாகப் பார்த்து விவரம் எழுதவேண்டும். இது நெடிய உழைப்பு. மேலும், ஒரே மாதிரியை இரு வல்லுநர்கள் இருவேறு விதமாகக் குறிப்பதும் உண்டு.

கற்பிக்கும் முறை

கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. நீளத்திலும் அகலத்திலும் 224 புள்ளிகள் கொண்ட சிறு வண்ணப்படத்தில், புள்ளிக்கு மூன்று நிற அளவுகள் வீதம் 1,50,528 எண்கள் அடங்கும். நிறம், மணிகளின் பருமன், விளிம்பு ஆகியவற்றைக் கணக்கிடும் விதிகளை முன்பு மனிதரே வகுத்துக் கொடுத்தனர். இயந்திரக் கற்றல் முறையில் விதிகள் கொடுக்கப்படுவதில்லை. பெயர் குறித்த படங்கள் ஆயிரக்கணக்கில் காட்டப்படுகின்றன. தவறான விடை வரும்போதெல்லாம் கணிப்பொறி தன் உள்ளளவுகளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. 2012-இல் நடைபெற்ற இமேஜ்நெட் படப் போட்டியில் இத்தகைய பலவடுக்கு வலையமைப்பு ஒன்று பெற்ற வெற்றிக்குப் பின்னரே இம்முறை பரவலாயிற்று. நாய், நாற்காலி போன்ற அன்றாடப் பொருள்களின் படங்களில் தேர்ச்சி பெற்ற அமைப்பையே எடுத்து, சில ஆயிரம் பாறைப் படங்களால் மறுபயிற்சி அளிப்பது இப்போது வழக்கமாகியுள்ளது.

இம்முறை மிகுதியும் பயன்படக்கூடிய இடம் நுண்ணோக்கி மேடை. பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். அச்சீவலைத் தளவிளைவு ஒளியில் வைத்துச் சுழற்றினால், ஹைப்பர்ஸ்தீன் மணி வெளிர் சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறுவதைக் காணலாம். குறுக்கு நிலை ஒளியில் பிளஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பாரில் இணைகோடுகள் தோன்றும். பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொரு கனிமமும் எத்தனை விழுக்காடு பரப்பில் உள்ளது எனக் கணிப்பொறி அளந்துவிடும். பாறையின் பெயரே பெரும்பாலும் இவ்விகிதத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, குவார்ட்சும் இருவகை ஃபெல்ஸ்பார்களும் சேர்ந்த அளவில் குவார்ட்சு 20 முதல் 60 விழுக்காடு வரை இருந்தால்தான் ஒரு பாறை கிரானைட் எனக் கொள்ளப்படும். நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிய மாணவர்கள் இவ்வசதியின் அருமையை அறிவர்.

படம் காட்டாதவை

பேரைட்டும் வெண்ணிறக் கால்சைட்டும் படத்தில் ஒத்திருக்கலாம். கையிலெடுத்தால் பேரைட்டின் கனம் உடனே தெரியும். முன்னதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.5, பின்னதன் ஒப்படர்த்தி 2.7. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டவுடன் சுண்ணாம்புக்கல் பொங்கும். டோலமைட்டோ பொடித்தால்தான் நன்கு நுரைக்கும். படம் மட்டும் பார்க்கும் இயந்திரத்திற்கு எடையும் இல்லை, அமிலக்குப்பியும் இல்லை. வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறிய மேற்பரப்பைப் படம்பிடித்தால், உள்ளே இருக்கும் பசுங்கருமையான சார்னோக்கைட்டை அது எவ்வாறு அறியும்?

பெயரே உறுதிப்படாத பாறைகளும் உள. கர்நாடகத்தின் கப்பல்துர்கா பகுதியில் சாம்பல்நிற நைஸ் பாறையின் இடையே சார்னோக்கைட் திட்டுகள் உருவாகியிருப்பதை சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் விளக்கினார். ஒன்று மற்றொன்றாக மாறும் அந்த எல்லையிலிருந்து உடைத்த துண்டுக்கு எப்பெயர் எழுதுவது? ஆசிரியரே தயங்கும் இடத்தில் மாணவனை மட்டும் குறைகூற முடியாது.

மதிப்பெண்ணை நம்பலாமா?

அதிகாரிகள் முதன்மையாகக் கவனிக்கவேண்டியது இதுவே. ஒரே பாறைத்துண்டின் படத்தைப் பல கூறுகளாக வெட்டி, சிலவற்றைப் பயிற்சிக்கும் மற்றவற்றைத் தேர்வுக்கும் பயன்படுத்தினால் கணிப்பொறி மிக உயர்ந்த மதிப்பெண் பெறும். வகுப்பில் போட்ட கணக்கையே தேர்வில் கேட்பது போன்றது இது. புதியதொரு குவாரியின் கல்லைக் காட்டினால் அத்திறன் சரியக்கூடும். ஒருவகைப் பாறைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் படமெடுத்திருந்தால், கணிப்பொறி பாறையை விட்டுத் தட்டின் நிறத்தைக் கற்றிருக்கவும் கூடும். ஆகவே, இத்தகைய அமைப்பை வாங்குமுன், பயிற்சியில் இடம்பெறாத வேறிடத்து மாதிரிகளைக் கொண்டு தேர்வு நடத்தப்பட்டதா எனக் கேட்டறிய வேண்டும்.

நம்மிடம் மாதிரிகளுக்குக் குறைவில்லை. புவியியல் ஆய்வுத்துறை 1851 முதல் பணியாற்றி வருகிறது. தேசியப் புவியியல் தரவுக் களஞ்சியமும் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆனால், எங்கே உடைத்தது, புதிய முகமா பழைய முகமா, எந்தச் சோதனையால் பெயர் உறுதிசெய்யப்பட்டது என்ற குறிப்புகள் இல்லாத மாதிரி இயந்திரத்தைப் பொறுத்தவரை வெறும் கல்தான். அக்குறிப்புகளைச் சேர்ப்பது கணிப்பொறி வாங்குவதைக் காட்டிலும் கடினமான, பெருமை குறைந்த வேலை. முதலில் செய்யவேண்டியதும் அதுவே.

இன்னொன்று: பத்துப் பாறைகளை மட்டும் கற்ற சாதாரண அமைப்பிடம் செங்கல் துண்டொன்றைக் காட்டினால், அப்பத்தில் ஏதேனும் ஒன்றின் பெயரையே அது கூறும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் உறுதி குறையும்போது 'அறியேன்' எனச் சொல்லுமாறும் அதனை அமைக்கலாம்; தவறான விடையையே உறுதியாகக் கூறுவதும் உண்டாகையால், அதுவும் முழுக்காப்பு ஆகாது. எனவே, ஐயத்திற்குரிய கற்களோடு, 'உறுதி' எனக் கணிப்பொறி ஒதுக்கியவற்றிலும் சிலவற்றை எடுத்துச் சீவல் தேய்க்கும் மேசைக்கு அனுப்பவேண்டும்.