கரி இன்ஜினுக்கு ஒரு மைப்படி

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. ஆனால் மைப்படி என்றால் என்னவென்று இந்த ஊரில் விளக்கத் தேவையில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அந்த மாதிரிக் கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தட்டி எடுப்பதுதான் அது. நாளைக்குக் கல் பொரிந்து போனாலும் எழுத்து தாளில் நிற்கும். பழைய கரி இன்ஜின்களின் புகைப்படங்களுக்கும் அதே மதிப்புத் தர வேண்டும். ஓட்டிக் காட்டும் இன்ஜினைவிட அவற்றை ஒருபடி கூடவே நம்பலாம்.

சென்னையில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி கட்டிய இன்ஜின் அது. கிழக்கிந்திய ரயில்வேயில் அதற்கு எண் 21, பெயரே ‘எக்ஸ்பிரஸ்’. 1909-ல் ஓய்வு பெற்று, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு ஆண்டு காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனை 2010-ல் அதை மீண்டும் ஓட வைத்தது. துருப்பிடித்ததும் தொலைந்ததுமான பாகங்களுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. பழைய காலத்தில் இல்லாத பாதுகாப்புக் கருவிகளும் ஏறின. ஆளை ஏற்றி ஓட்டுவதென்றால் வேறு வழியில்லை, பணிமனைக்காரர்களின் கைத்திறனும் லேசுப்பட்டதல்ல. ஆனால் இதில் 1855 எது, 2010 எது என்று இன்ஜினை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. பக்கத்தில் பழைய படம் வேண்டும்.

அந்த வகை இன்ஜினைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் ஒரே ஜோடிப் பெரிய சக்கரம், முன்னும் பின்னும் சிறியவை. பெரியதன் விட்டம் 6 அடி. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 19 அடி நகரும். பிஸ்டனை அதிகம் விரட்டாமலே வேகம் கிடைக்கும் என்பது அன்றைய எக்ஸ்பிரஸ் கணக்கு. பெட்டிகள் கூடக் கூட அந்தக் கணக்கு உதைத்தது. தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள ஒரு ஜோடி போதவில்லை, சக்கரம் வழுக்கியது. சுதந்திரத்துக்குப் பின் நம் மீட்டர் கேஜ் பாதைகளுக்கு வந்த ஒய்.பி. இன்ஜினின் படத்தை அருகே வையுங்கள்: இழுக்கும் சக்கரம் மூன்று ஜோடி, விட்டம் நாலரை அடிதான். ஒரு நூற்றாண்டுப் பொறியியல் விவாதம் இரண்டே படங்களில் தெரிகிறது.

படமும் ஜோடனைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் புது இன்ஜினுக்குச் சாம்பல் வண்ணம் பூசி, பின்னணியை அழித்துப் படமெடுத்தது உண்மை. ஆனால் ஆணியும் குழாயும் தெளிவாகத் தெரியத்தான் அந்தப் பூச்சு. எனவே வடிவத்துக்கு அந்தப் படம் சாட்சி, நிறத்துக்கு அல்ல. வெள்ளைக்காரன் காலத்து ஏக்கம் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. தொழிற்சாலைப் படத்துக்கு அது பொருந்தலாம். லோகோ ஷெட்டில் எடுத்த படங்களில் கரி அள்ளிய ஃபயர்மேனும் இன்ஜின் துடைத்த கலாசியும் ஓரத்தில் நிற்பார்களே, அவர்களை வேறெங்கே தேடுவது?

அரக்கோணம், ஜோலார்பேட்டை, விழுப்புரம் பக்கத்து ரயில்வே குடும்பங்களில் இத்தகைய படங்கள் இன்னும் இருக்கும். லேமினேட் செய்துவிட வேண்டாம். இன்ஜின் எண், ஷெட், வருடம், நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வைத்தால் போதும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.