பானை ஓடும் அது கிடந்த மண்ணும்

கிரேக்க ஓவியப் பானைகள் பல இத்தாலியில் எத்ருஸ்கர் கல்லறைகளிலிருந்து வெளிப்பட்டன. அதனால் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் பலர் அவற்றை எத்ருஸ்கர் கைவேலை என்றே கருதினர். அவற்றின்மீதிருந்த கிரேக்க எழுத்துகள் அக்கருத்தை மாற்றத் துணைபுரிந்தன. கலன் செய்யப்பட்ட இடத்தையும் கிடைத்த இடத்தையும் சேர்த்து அறிந்தபோதே, கிரேக்கருக்கும் எத்ருஸ்கருக்கும் இடையே நிகழ்ந்த வாணிகம் புலப்பட்டது.

இம்முறை தமிழர் வரலாற்றுக்கும் பயன்பட்டுள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். அங்கே இத்தாலியில் வனையப்பட்ட அரிட்டைன் எனும் செந்நிறக் கலன்களின் ஓடுகள் கிடைத்தன. அவ்வகைக் கலன்களின் காலம் ஐரோப்பிய ஆய்வுகளால் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆகவே, அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானை ஓடுகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு, அவ்வூரின் தொடக்கம் வீலர் கருதியதினும் முற்பட்டது எனக் காட்டியது.

அரிக்கமேட்டில் கிடைத்த ரௌலட்டட் வகை ஓடுகள் பாலித் தீவின் செம்பிரானிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தாய்லாந்தின் பூ காவ் தோங் என்னுமிடத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய ஓடொன்று கிடைத்தது. அதில் எஞ்சியவை 'து', 'ற', 'ஒ' என்னும் மூன்றே எழுத்துகள். றகரம் அதன் மொழி தமிழ் என்பதை உறுதிசெய்கிறது. அது 'துறவோன்' என்ற சொல்லின் பகுதியாகலாம் என்பது ஐராவதம் மகாதேவனின் ஊகம். உறுதியையும் ஊகத்தையும் வேறுபடுத்திச் சொல்வது ஆசிரியராகிய நம் கடமை. பெருமித மிகுதியால் அந்த ஓட்டைக் கொண்டு ஒரு குடியேற்றத்தையே நிறுவ முற்படுவோமாயின், அது சொல்லும் உண்மையும் ஐயத்துக்கு உள்ளாகும்.

மண்ணடுக்கு ஒருமுறை கலைந்தால் அதனை மீட்க இயலாது. 2013இல் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய சண்டி ஒன்று நிலமேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. கற்களை மீண்டும் அடுக்கலாம்; அவை முன்பு கிடந்த நிலை திரும்பாது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரப் பள்ளிகளின் மாணவர்க்குத் தேசிய அருங்காட்சியகம் தொலைவிலன்று. அங்கே ஒரு கலனைக் காணும்போது, 'எங்கே கிடைத்தது? எந்த ஆழத்தில்? உடன் கிடந்தவை எவை?' என மூன்று வினாக்களை எழுப்பப் பழக்குவோம். வயலிலோ ஆற்றங்கரையிலோ பழைய ஓடொன்று தென்பட்டால், அதனை எடுக்காமல் இடத்தைக் குறித்து உரியவர்க்கு அறிவிக்கவும் கற்பிப்போம்.