வலையை அறுத்து 'மகளை' மீட்கும் குஜராத் மீனவர்கள்

புதுடில்லி: சட்டம் இயற்றியது டில்லி, அதற்கு உயிர் கொடுத்தவர்கள் சவுராஷ்டிர மீனவர்கள். திமிங்கிலச் சுறாவைக் கொக்கி மாட்டி, பீப்பாய்கள் கட்டிக் களைக்க வைத்துப் பிடித்த கரை அது. ஈரல் எண்ணெய் படகுகளுக்குப் பூசப்பட்டது; இறைச்சி ஏற்றுமதியானது. மைக் பாண்டேயின் ஆவணப்படம் இதை அம்பலப்படுத்தியது. 2001ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அச்சுறா இடம் பெற்றது.

ஆனால், நடுக்கடலில் எந்த அதிகாரி காவல் நிற்பார்? 2004ல் துவங்கிய பிரசாரத்தில், ராம கதை சொல்லும் மொராரி பாபு, 'பிரசவத்திற்குத் தாய்வீடு வரும் மகள்' என அதை வர்ணித்தார். குஜராத்தியில் அன்பிற்குரியவள் எனப் பொருள்படும் 'வஹாலி' என்ற பெயரும் கிடைத்தது. அதன்பின், வலையில் சிக்கிய நூற்றுக்கணக்கான சுறாக்களை, மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்து விடுவித்துள்ளனர். படம் எடுத்துக் காட்டினால், வலைக்கு மாநில வனத்துறை நிவாரணம் தருகிறது. அன்றைய மீன்பாடு போனது போனதுதான்.