டோல் சாவடிக் கணக்கும் காவலரின் வேகமும்



வேகமாக வண்டி ஓட்டுவோரைப் பிடிப்பது போலீஸ்காரரின் கடமை. அவரே கண்மண் தெரியாமல் ஓட்டினால் அதை எவ்வாறு மெய்ப்பிப்பது? நாம் ஒன்று சொல்வோம். அவர் ஒன்று சொல்வார். சொல்லுக்குச் சொல் சரியாகிவிடும். பிரட்டில் செக்ரோலில் பெயர் ஏறினால், அன்று நாம் வேலைக்கு வந்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. அதுபோல வண்டிக்கும் ஒரு சாட்சி உண்டு. அது எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்ற பதிவே அச்சாட்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததைக் கொண்டு இதனை விளக்கிக் காண்போம்.

2011 அக்டோபரில், அங்கே நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர், மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த ஒரு வண்டியைத் துரத்தி நிறுத்தினார். அது மயாமி நகரப் போலீஸ் வண்டி! அதை ஓட்டியவர் குற்றவாளியைத் துரத்தவில்லை. வேறொரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இவர் ஒருவர்தானா, இன்னும் பலர் உண்டா? 'சன் சென்டினல்' என்னும் நாளிதழ் இதை ஆராய்ந்தது. அங்குள்ள போலீஸ் வண்டிகளில் டோல் கட்டணத்திற்காகச் 'சன்பாஸ்' என்ற சிறு கருவி பொருத்தப்பட்டிருந்தது. வண்டி ஒவ்வொரு சாவடியைக் கடக்கும்போதும் நேரம் பதிவாகும். தகவல் பெறும் சட்டத்தின்படி செய்தியாளர்கள் அப்பதிவுகளைக் கேட்டுப் பெற்றார்கள். சாவடிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை ஜி.பி.எஸ். கருவியுடன் தாங்களே வண்டியில் சென்று அளந்தார்கள்.

பிறகு வேண்டியது நம் பிள்ளைகள் பள்ளியில் போடும் கணக்குத்தான். இரண்டு சாவடிகளுக்கு இடையே 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி 10 நிமிடத்தில் அதைக் கடந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். வழியில் எங்காவது மெதுவாகப் போயிருந்தால், வேறோரிடத்தில் அதைவிட வேகமாகப் போயிருக்கவேண்டும். இக்கணக்கை மறுக்க முடியுமா?

2012-இல் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ 800 காவலர்கள் மணிக்கு 145 முதல் 209 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தார்கள். அங்குள்ள உச்ச வரம்போ சுமார் 112 கிலோமீட்டர்தான். அவர்களுள் பலர் அப்போது பணியில்கூட இல்லை. காவலரின் அதிவேகத்தால் பொதுமக்கள் உயிரிழந்ததையும் அவ்விதழ் எடுத்துக்காட்டியது. பலர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது, வேகமும் குறைந்தது. 2013-இல் அவ்விதழுக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஒன்றை மறந்துவிடலாகாது. பதிவு இடத்தையும் நேரத்தையும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அவசர அழைப்புக்கு விரைந்தவரும் அதில் இருக்கலாம். ஆகவே தீர விசாரிப்பது அவசியம்.

மேலும், இது இருபுறமும் வெட்டும் கத்தி. காவலரைக் கண்காணிக்கும் கருவி நம்மையும் கண்காணிக்கும். ஒருவரின் காரில் போலீசார் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்தி 28 நாள் பின்தொடர்ந்த வழக்கில், அதுவும் ஒரு சோதனையே என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதிகாரம் உள்ளவரின் பதிவை மக்கள் பார்க்க வழி வேண்டும். எளியவரின் பதிவுக்குக் காவல் வேண்டும்.

நேயர்களே, கருவி இல்லாவிட்டாலும் கணக்கு நம் கையில் உண்டு. சாலையில் ஏதேனும் நேர்ந்தால் இடம், நேரம், வண்டி எண் ஆகிய மூன்றையும் உடனே குறித்துக்கொள்வோம். புகார் எழுதினால் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோம். நேரமும் இடமும் குறித்த புகாரை எளிதில் தள்ளிவிட முடியாது.