ஜன்னலோரத்தில் நின்றவள்

பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு நூல் வாங்கித் தரும் பெற்றோரே! மூலத்தின் பொருள் முழுவதும் அதில் வந்து சேர்ந்ததா என்று எண்ணியதுண்டா?

ஜப்பானிய நடிகை டெட்சுகோ குரோயநாகி தம் பள்ளிப்பருவத்தை எழுதிய 'டோட்டோசான்' 1981இல் வெளிவந்தது. மறு ஆண்டே டோரதி பிரிட்டன் அதனை ஆங்கிலமாக்கினார். மூலத் தலைப்பிலுள்ள 'மதோகிவா' என்பதற்கு ஜன்னலோரம் என்று பொருள். அக்கால ஜப்பானிய அலுவலகங்களில், உரிய பணி தராமல் ஒதுக்கப்பட்டோரை 'ஜன்னலோரக் கூட்டத்தார்' என்றனர். தெருவில் வரும் வாத்தியக்காரர்களுக்காக ஜன்னலருகே காத்து நின்று, முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமிக்கு அச்சொல் எத்துணைப் பொருத்தம்!

ஆங்கிலத்தில் அது 'ஜன்னலருகே சிறுமி' என்றாயிற்று. சொல்லில் பிழையில்லை; ஒதுக்கப்பட்ட வேதனைதான் விடுபட்டுப் போயிற்று. அந்நூலைக் கொடுக்கையில் அதனை நீங்கள் எடுத்துரையுங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் ஜன்னலோரத்தில் ஒருவர் தனித்து நிற்கக்கூடும்.