கைமாறிய கடன்

காம்பாரில் ஒரு தாமான் வீடு. தபால்பெட்டியில் தண்ணீர் பில், மின்சார பில், அவற்றோடு கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனியின் கடிதம். எட்டு வருடத்துக்கு முன்பு கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு கடனைத் தாங்கள் வாங்கிவிட்டதாகவும், ஏழு நாளில் 14,640 வெள்ளி கட்டாவிட்டால் வழக்கு என்றும் அது சொல்கிறது. கார்டு கொடுத்த வங்கியின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு நினைவிருப்பதோ ஆறாயிரம் வெள்ளிதான்.

இது கற்பனைக் காட்சி. கணக்கு மட்டும் கற்பனையல்ல. ஒழுங்காகக் கட்டாதவரின் கார்டு வட்டி மலேசியாவில் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகலாம். ஆறாயிரத்துக்கு ஓராண்டு வட்டி 1,080 வெள்ளி. எட்டு ஆண்டுக்கு 8,640. வட்டிக்கு வட்டி போடாமலேயே அசலைத் தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் இதில் சேரவில்லை.

கடன் கைமாறுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கங்காணியிடம் கொடுப்பார். அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடனும் அவர்களோடு புதுத் தோட்டத்துக்குப் போகும். கணக்கு கங்காணியின் கையில். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி அதைச் சரிபார்க்க வழியில்லை. 1921இல்தான் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள்.

இன்றைய கடனாளிக்குக் கணக்கைக் கேட்கும் உரிமை இருக்கிறது. பலர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில், கதவைத் தட்டுபவர் யார்? வசூல் நிறுவனங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வங்கிக்காகக் கமிஷனுக்கு வசூலிப்பது. அங்கே கடன் இன்னும் வங்கியுடையதே. மற்றொன்று, வாராக் கடன்களை மொத்தமாக, முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு முழுத்தொகையையும் கேட்பது. இப்படிக் கடனை முழுமையாக மாற்றிக்கொண்டவர் தன் பெயரில் வழக்குப் போட 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் நிபந்தனை வைக்கிறது: மாற்றம் எழுத்தில் நடந்திருக்க வேண்டும், கடனாளிக்கும் எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும். ஆகவே மாற்றுப் பத்திரத்தின் நகல், வங்கியின் கடைசிக் கணக்கறிக்கை, அசலும் வட்டியும் பிரித்த கணக்கு ஆகியவற்றைக் கேட்டுக் கடிதம் எழுதலாம். அதில் "என் கடனை" என்று எழுதாமல் "நீங்கள் கோரும் தொகையை" என்று எழுதுவது நல்லது.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது? நிறைய. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுதான் தருகிறது. ஆனால் கடனாளி கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, அதில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, அந்த ஆறு ஆண்டை அன்றிலிருந்து புதிதாக எண்ணுவார்கள். "ஒரு நூறு வெள்ளியாவது போடுங்கண்ணே, ஃபைலை நிறுத்தி வைக்கிறேன்" என்று போனில் கெஞ்சலாக வரும் குரலுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம். எட்டு வருடத் தூக்கத்திலிருந்து கடனை எழுப்ப அந்த நூறு வெள்ளி போதும்.

காலம் கடந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. காலவரம்பை எதிர்வாதத்தில் கடனாளிதான் எழுப்ப வேண்டும். நீதிமன்றம் தானாக எடுத்துக்கொள்ளாது. சம்மன் கையில் கிடைத்த 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்யாவிட்டால், கம்பெனி எதிர்வாதமே இல்லாமல் தீர்ப்பு வாங்கிவிடலாம். தீர்ப்பு வந்தபின் அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம். கம்பெனிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டவர்கள் சம்மனையும் அதே கையோடு கிழிக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மிரட்டல்களுக்கும் எல்லை உண்டு. வசூலிக்க வருபவர் வீட்டுச் சாமானைத் தூக்க முடியாது; அது நீதிமன்ற ஆணையோடு வரும் அதிகாரியின் வேலை. கார்டு கடனைக் கட்ட முடியாமல் போனதற்காகப் போலீஸ் பிடிக்காது. திவாலாக்க வேண்டுமானால் கடன் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். 2017க்கு முன் முப்பதாயிரமாக இருந்த வரம்பு அப்போது ஐம்பதாயிரமாகி, பிறகு இந்த அளவுக்கு உயர்ந்தது. நம் 14,640 வெள்ளிக்காரர் அந்தப் பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம், வசூல் நிறுவனங்களையும் வாராக் கடனை வாங்கும் நிறுவனங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது.

கடன் உண்மையானது, காலமும் கடக்கவில்லை என்றால் பேரம் பேசலாம். குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு ஒரே தவணையில் வரும் பாதிப் பணமும் லாபமாக இருக்கலாம். ஆனால் "இதோடு முழுக் கடனும் தீர்ந்தது" என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் போக வேண்டும். பல வங்கிகளில் கடன் வைத்துத் திணறுபவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் மேலாண்மை அமைப்பு ஈப்போவில் இலவச ஆலோசனை தருகிறது. வட்டியையும் தவணையையும் குறைக்க வங்கிகளிடம் அதுவே பேசுகிறது. காம்பாரிலிருந்து பஸ் ஏறும்போது சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வந்த கடிதங்கள் எல்லாம் பையில் இருக்கட்டும். கடைசியாகப் பணம் கட்டிய ரசீது எங்காவது கிடைத்தால், அதன் தேதி தெரியும்படி மேலே வைத்துக்கொள்ளலாம்.