எழுபது வளைவுகளும் ஒரு கடன் கணக்கும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதன்முறை சைக்கிளில் ஏறுபவர் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்வார். முதல் ஐந்து வளைவுகளையும் சமதரை வேகத்திலேயே விரட்டுவார். பத்தாவது வருவதற்குள் தொடை எரியும், மூச்சு இரைக்கும், ஒரு கால் தானாகத் தரையில் ஊன்றும். "நமக்கு அவ்வளவு தெம்பு இல்லப்பா" என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் தவறியது கணக்கு.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, ஏற்றம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை மேலே தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 784 கிலோஜூல். பந்தய வீரருக்கும் இதில் தள்ளுபடி கிடையாது. ஆனால் எவ்வளவு நேரத்தில் என்பது நம் விருப்பம். ஒரு மணி நேரத்தில் ஏற 218 வாட் திறன் வேண்டும். இரண்டு மணி நேரம் என்றால் 109 வாட். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

கியர் இருப்பது இதற்குத்தான். முன்னும் பின்னும் 34 பற்கள் என்று வைத்தால் பெடல் ஒருமுறை சுற்றும்போது சக்கரமும் ஒரே சுற்று, ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். கட்ட வேண்டிய கடன் அதேதான். கியர் அதைச் சிறு தவணைகளாக்குகிறது.

பயிற்சியும் தவணைதான். வாரத்தின் பெரும்பாலான ஓட்டம், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில் இருக்கட்டும். இப்படி மாதக்கணக்கில் ஓட்டினால் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவும் நுண் ரத்தக் குழாய்களும் பெருகும். உடல் கொழுப்பை எரிக்கப் பழகும். வாரம் ஒருநாள் நீண்ட ஓட்டம், ஒருநாள் ஏற்றம். மலையில்லாத சென்னைக்காரருக்கு மேம்பாலமும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் எதிர்காற்றும் இருக்கின்றன. ஓய்வு நாளைத் திருடக் கூடாது. தசை பலம் பெறுவது அன்றுதான்.

உண்ணும் ஆற்றலில் கால்வாசிதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். ஆகவே அந்த ஓர் ஏற்றத்துக்கே கிட்டத்தட்ட 750 கிலோ கலோரி செலவாகும். உடலிலுள்ள கிளைக்கோஜன் கையிருப்போ சுமார் 2,000. நாள் முழுக்க ஓட்டுபவர் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே தள்ள வேண்டும். இரண்டு வாழைப்பழம் ஏறத்தாழ அந்த அளவு. பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும்.

இறக்கத்தில் மலை அந்த 784 கிலோஜூலையும் திருப்பித் தருகிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்கில் வெப்பமாக இறங்கும். பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடு தணிய நேரமிருக்காது. வளைவுக்கு முன் அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். தவணையில் கட்டியதைத் தவணையில்தான் திரும்ப வாங்க வேண்டும்.